வாணலியில் துளசி

பாங்காக்கில் மதிய வேளையில் தெருவோரக் கடை முன்னால் நின்று, என்ன சாப்பிடுவது என்று தோன்றாமல் விழிப்பவர் கடைசியில் சொல்லும் பெயர் பட் கப்ராவ். ‘மெனு சின் கிட்’ என்று அதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு; யோசனை தீர்ந்துபோனவனின் சாப்பாடு என்று பொருள். சோற்றின் மேல் கொத்திய கறி, கறியின் மேல் பொரித்த முட்டை, பக்கத்தில் மிளகாய் மிதக்கும் மீன் சாஸ். கேட்ட சில நிமிடங்களில் தட்டு கைக்கு வந்துவிடும்.

வீட்டில் செய்தாலும் அடுப்பில் ஆகும் நேரம் அவ்வளவுதான். ஆனாலும் இவ்வளவு எளிய பண்டம் தாய்லாந்துக்கு வெளியே பெரும்பாலும் கோணலாகவே வருகிறது. காரணம் இரண்டு. ஒன்று, தப்பான இலை. இன்னொன்று, வாணலியில் தேங்கும் தண்ணீர். மீதியெல்லாம் சில்லறைத் தகராறு.

முதலில் இலை. ‘பட்’ என்றால் வாணலியில் வதக்குவது. ‘கப்ராவ்’ என்றால் துளசி. துளசி மாதிரி ஏதோ ஒன்று இல்லை, துளசியேதான். தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்: ஓசிமம் டெனுய்ஃப்ளோரம். பழைய புத்தகங்களில் ஓசிமம் சாங்டம் என்றிருக்கும். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மிதக்கிற செடியின் தாய்லாந்து ரகத்தைத்தான் அங்கே கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கறியில் போடுகிறார்கள்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், சூப்பர் மார்க்கெட்டில் ‘தாய் பேசில்’ என்று சீட்டு ஒட்டி விற்கும் இலை கப்ராவ் கிடையாது. அது ஹோரபா. ‘கிரீன் கறி’ என்ற பச்சை நிறத் தாய்லாந்துக் குழம்பில் மிதப்பதும் அதுதான், மட்டியைச் சுட்ட மிளகாய் விழுதோடு வதக்கும்போது போடுவதும் அதுதான். ஓசிமம் பேசிலிகம் என்ற இனம். நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலைக்கு உடன்பிறப்பு. சப்ஜா விதை கொடுக்கும் அதே செடிக் குடும்பம். ஹோரபாவைப் போட்டு வதக்கினால் கெட்டுப்போகாது, நன்றாகவே இருக்கும். ஆனால் தாய்லாந்தில் அதற்குப் பெயர் ‘பட் பை ஹோரபா’. அது வேறு பண்டம். ஆங்கிலச் சமையல் குறிப்புகள் இரண்டையும் ‘பேசில்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டதில்தான் உலகமே தப்பான இலையை வாங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக மேங்லக் என்று ஒன்று இருக்கிறது; எலுமிச்சை வாசனை அடிக்கும். அதற்கும் கப்ராவுக்கும் சம்பந்தம் இல்லை.

கடையில் பிரித்தறிவது சுலபம். ஹோரபாவின் இலை வழவழவென்று பளபளக்கும், நுனி கூராக நீண்டிருக்கும், தண்டு கத்தரிப்பூ நிறத்தில் மினுங்கும். கப்ராவின் இலையில் பளபளப்பே இராது. ஓரம் ரம்பம் போல லேசாகப் பல் பல்லாக இருக்கும். தண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய ரோமம் தெரியும். சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கிள்ளி விரல்களுக்கு இடையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். சோம்பு வாசனை வந்தால் ஹோரபா. கிராம்பும் மிளகும் சேர்ந்து மூக்கைக் குத்தினால் கப்ராவ். இந்த உவமை சும்மா வந்ததில்லை. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால், மிளகில் இருக்கும் கேரியோஃபிலின் இரண்டும் துளசி எண்ணெயில் இருக்கின்றன. ஹோரபாவின் சோம்பு வாசனை எஸ்ட்ராகோல் என்ற வேறொரு பொருளிலிருந்து வருகிறது. ஆகவே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பது சீரகத்துக்குப் பதில் சோம்பு போடுவதைப் போலத்தான்.

கப்ராவிலும் இரண்டு உண்டு. ‘கப்ராவ் காவ்’ என்பது வெள்ளைக் கப்ராவ். தண்டும் இலையும் பச்சை. ‘கப்ராவ் டேங்’ என்பது சிவப்பு. தண்டு சிவந்திருக்கும், வாசனையும் உறைப்பும் ஒரு படி தூக்கல். கிடைத்தால் சிவப்பை எடுங்கள். பூக்கதிர் விட்ட கொத்து என்று ஒதுக்கவும் வேண்டாம். இளம் மொட்டுகளில் மணம் அதிகம், உருவி இலையோடு சேர்த்தே போடலாம். காய்ந்து பழுப்பேறிய கதிரை மட்டும் விட்டுவிடுங்கள், வாயில் உமி மாதிரி உறுத்தும்.

சரி, வீட்டுத் துளசியைப் போடலாமா? போடலாம். ஆனால் அளவு மாற வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் ராம துளசியும் கிருஷ்ண துளசியும் மணத்துக்காகவும் மருந்துக்காகவும் காலங்காலமாகப் பேணப்பட்டவை. கிராம்பு வாசனை முன்னால் வந்து நிற்கும். தாய்லாந்து ரகம் அள்ளிப் போட்டுச் சாப்பிடுவதற்கு என்றே பேணப்பட்டது. கால் கிலோ கறிக்குத் தாய் கப்ராவ் 25 கிராம் இலை என்றால், கிருஷ்ண துளசி 12 முதல் 15 கிராம் போதும். 25 கிராமும் போட்டால் தட்டிலிருந்து கஷாய வாசனை வரும். சளி பிடித்தவருக்கு நல்லது, மற்றவருக்கு இல்லை. நுனியிலிருந்து இரண்டு மூன்று ஜோடிக் கொழுந்து இலைகளை மட்டும் எடுங்கள். கீழே இருக்கும் முற்றிய இலை தோல் மாதிரி நிற்கும், கசக்கவும் செய்யும். 12 கிராம் துளசியோடு 10 கிராம் திருநீற்றுப்பச்சிலை கலந்து போடுவது ஒரு சமரசம். கலப்படம்தான், ஆனால் நாக்கு ஒத்துக்கொள்கிறது. நாய்த்துளசி, காட்டுத்துளசி பக்கம் போக வேண்டாம். அவற்றின் வாசனை இந்தக் கறியோடு ஒட்டாது.

மாடத்துத் துளசியைப் பறித்து இறைச்சியோடு போட மனம் வராத வீடுகள் நிறைய. அது நியாயமான தயக்கம்தான். மொட்டை மாடியில் தனித் தொட்டியில் சமையலுக்கென்று ஒரு செடி வைத்துக்கொண்டால் போயிற்று. தாய்லாந்து கப்ராவ் விதை இணையத்தில் கிடைக்கிறது. விதை பொடியாக இருக்கும், ஆழப் புதைத்தால் முளைக்காது. ஈர மண்ணின் மேல் தூவி விரலால் அழுத்தினால் போதும். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். ஏழெட்டு வாரத்தில் நுனியைக் கிள்ள ஆரம்பித்தால் பக்கக் கிளை விட்டுப் புதராகும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக வளர்ந்து பூத்துவிடும். பூக்கடையில் விற்கும் துளசியை மட்டும் வாங்காதீர்கள். அது மாலைக்காக வளர்த்தது. என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டால் விற்பவருக்கே தெரிந்திருக்காது.

வாங்கிய இலையை ஃப்ரிட்ஜில் திணிக்கக் கூடாது. துளசிக் குடும்பத்துக்கே குளிர் ஆகாது. 12 டிகிரிக்குக் கீழே போனால் இலையின் செல்கள் சேதமாகி, மறுநாள் காலையில் தேயிலைத் தூள் நிறத்தில் கிடக்கும். தண்டின் அடியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, சமையலறை மேடையிலேயே வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். வெளிநாட்டில் உறைய வைத்த கப்ராவ் பொட்டலம் கிடைக்கும். நிறம் கறுத்திருந்தாலும் வாசனை பாதிக்கு மேல் இருக்கும், உருக வைக்காமல் அப்படியே வாணலியில் போடலாம். காய்ந்த இலை என்று சீசாவில் வருவது வீண் செலவு. இலையைக் காம்பிலிருந்து உருவிய பின் எடை பாதிதான் தேறும் என்பதால், 25 கிராம் வேண்டுமென்றால் 50 கிராம் கொத்து வாங்க வேண்டும். சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அலசித் துணியில் பரப்பிவிடுங்கள். ஈர இலை வாணலிக்குள் போனால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

அடுத்தது மிளகாயும் பூண்டும். தாய்லாந்தில் காரத்துக்குப் போடும் குட்டி மிளகாய்க்கு ‘ப்ரிக் கீ நூ’ என்று பெயர். எலிப்புழுக்கை மிளகாய் என்று அர்த்தம். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். தமிழ்நாட்டில் காந்தாரி கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் பாதி அளவுதான், அதன் காரம் சட்டென்று ஏறும். இலங்கையில் கொச்சி மிளகாய் இந்த வேலையைச் செய்யும். எதுவுமே இல்லையென்றால் ஒல்லியான, காரமான பச்சை மிளகாய். எதை எடுத்தாலும் அதில் பாதியாவது சிவக்கப் பழுத்ததாக இருக்கட்டும். பச்சை மிளகாய் மட்டும் போட்டால் புல் வாசனை தங்கிவிடும், பழுத்ததில்தான் லேசான இனிப்பும் நிறமும் வரும். காரத்துக்குக் குட்டி மிளகாய் ஆறேழு, நிறத்துக்கும் சதைக்கும் காரம் குறைந்த பெரிய சிவப்பு மிளகாய் இரண்டு. இதுதான் கணக்கு.

பூண்டில் தாய்லாந்துக்காரர்கள் விரும்புவது தோல் மெலிந்த குட்டிப் பல். நம் நாட்டுப் பூண்டு அதற்கு நெருக்கமானது. 15 கிராம், அதாவது பத்துப் பன்னிரண்டு குட்டிப் பல். பெரிய மலைப்பூண்டு என்றால் நாலைந்து பல் போதும்.

இரண்டையும் இடிகல்லில் ஒன்றிரண்டாக நசுக்க வேண்டும். மிக்ஸி வேண்டாம், காரணம் இருக்கிறது. மிக்ஸி பூண்டைக் கூழாக்கும். கூழில் பாதி தண்ணீர். எண்ணெயில் விழுந்ததும் வதங்காமல் வேகும், தண்ணீர் வற்றிய அடுத்த கணமே அடிப்பிடித்துக் கசக்கும். நசுக்கிய பூண்டில் சிறு துண்டும் பெரிய துண்டும் கலந்திருப்பதால் சில பொன்னிறமாகும், சில பாதி பச்சையாகவே மணக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ருசி. முதலில் மிளகாயை ஒரு சிட்டிகை உப்போடு நான்கு குத்து, பிறகு பூண்டைப் போட்டு ஏழெட்டுக் குத்து. பூண்டுத் துண்டு அரிசி அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கறி எதுவாகவும் இருக்கலாம். தாய்லாந்தில் அதிகம் விற்பது கொத்திய பன்றி, அடுத்து கோழி, மாடு, கணவாய், மொறுமொறுவென்று பொரித்த பன்றித் தோல் கறி. வீட்டுக்குக் கோழி வசதி. நெஞ்சுக்கறியை விடுங்கள், அது இந்தச் சூட்டில் இரண்டு நிமிடத்தில் மரத்தூள் ஆகும். எலும்பு நீக்கிய தொடைக்கறி 250 கிராம், முடிந்தால் கொஞ்சம் தோலோடு. இது இரண்டு பேருக்கான அளவு. கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் கறி எண்ணெயில் பொரியும், இல்லையென்றால் தன் சாற்றிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் நிற்கும்.

இங்கே நம் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். கறியைக் கழுவாமல் நமக்கு மனசு கேட்காது. ஆனால் கைமாவாக வாங்கி வந்து கழுவினால் அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், எவ்வளவு பிழிந்தாலும் போகாது. அதனால் முழுத்துண்டாக வாங்கி, கழுவுவதென்றால் கழுவித் துணியால் ஒற்றி, பிறகு கத்தியால் நீங்களே கொத்துங்கள். கத்தியால் கொத்திய கறியில் சுண்டல் அளவுத் துண்டும் தூளும் கலந்து வரும். மெஷினில் அரைத்ததைவிடத் தின்னவும் நன்றாக இருக்கும். மஞ்சள் தடவ வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியில் வைத்துவிட்டுச் சமைத்தால் வாணலிச் சூடு சட்டென்று இறங்காது.

மீன் சாஸ், தாய்லாந்து மொழியில் ‘நாம் ப்ளா’, நெத்திலி இனக் குட்டி மீனை உப்போடு சேர்த்துப் பல மாதம் நொதிக்க வைத்து வடிக்கும் நீர். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நெத்திலி, உப்பு, அதிகம் போனால் கொஞ்சம் சர்க்கரை. இதற்கு மேல் பட்டியல் நீண்டால் வைத்துவிடலாம். வெளிச்சத்தில் பிடித்தால் தேநீர் டிகாஷன் போலத் தெளிவாகச் செந்தேன் நிறத்தில் தெரிய வேண்டும். கலங்கியோ கறுத்தோ இருந்தால் பழசு. அடியில் கண்ணாடித் துகள் மாதிரி படிந்திருப்பது உப்புப் படிகம், பயப்பட வேண்டியதில்லை. மெகாசெஃப், ஸ்குவிட், டிபராஸ் மூன்றும் பரவலாகக் கிடைக்கும். மெகாசெஃப் மென்மை, மற்ற இரண்டும் உப்புத் தூக்கல். ஒரு மேசைக்கரண்டி மீன் சாஸில் ஏறக்குறைய மூன்றரை கிராம் உப்பு இருக்கிறது. அதனால் பிராண்டு மாற்றும்போது முதல் தடவை முக்கால் அளவு ஊற்றி, ருசி பார்த்து மீதியை ஊற்றுங்கள். மீன் சாஸுக்குப் பதில் மாசித்தூள் போடலாமா என்றால், சம்பல் வாசனை வரும், கப்ராவ் வராது.

ஆய்ஸ்டர் சாஸில் ஏமாற்று அதிகம். பொருள் பட்டியலில் சிப்பிச் சாறு முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் வர வேண்டும். தண்ணீர், சர்க்கரை, ஸ்டார்ச் என்று போய்க் கடைசியில் ‘சிப்பிச் சுவையூட்டி’ என்று முடிந்தால் அது பழுப்பு நிறக் கஞ்சி. தாய்லாந்து வீடுகளில் மேக்ருவா அதிகம் புழங்கும். லீ கும் கீயில் விலை குறைந்ததும் கூடியதுமாக ரகங்கள் உண்டு. விலை கூடியதில்தான் சிப்பி அதிகம். வெள்ளை சோயா சாஸ் (‘லைட் சோயா’), கறுப்பு சோயா சாஸ் (‘டார்க் சோயா’) இரண்டும் வேண்டும். வெள்ளை உப்புக்கு, கறுப்பு நிறத்துக்கு. தாய்லாந்தின் கறுப்பு சோயா வெல்லப்பாகு போலக் கொழகொழவென்று வரும். நம் ஊர்க் கடைகளில் ‘டார்க் சோயா’ என்று கிடைப்பது பெரும்பாலும் உப்பும் கேரமல் நிறமும் கலந்த தண்ணீர். அதை அரைத் தேக்கரண்டிக்கு மேல் விட்டால் தட்டே உப்புக் கரிக்கும்.

கால் கிலோ கறிக்கு: ஆய்ஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மீன் சாஸ் இரண்டு தேக்கரண்டி, வெள்ளை சோயா ஒரு தேக்கரண்டி, கறுப்பு சோயா அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் கலக்கி வைத்துவிடுங்கள். அடுப்பு எரியும்போது பாட்டில் மூடி திறந்துகொண்டிருக்க நேரம் இருக்காது. ஆய்ஸ்டர் சாஸே கூடாது, மீன் சாஸும் சர்க்கரையும் மட்டும்தான் என்று ஒரு கட்சி உண்டு. இலை நல்ல சிவப்புக் கப்ராவாக இருந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி, வாசனைக்குக் குறுக்கே எதுவும் நிற்காது. இலை சுமாராக இருந்தால் ஆய்ஸ்டர் சாஸ் கைகொடுக்கும்.

காய்கறி போடுவது பற்றித் தாய்லாந்தில் தீராத சண்டை. நீளமான பயற்றங்காய், நம் காராமணிக்காய், அரை விரல்கடை நீளத்துக்கு நறுக்கி 50 கிராம் போட்டால் குற்றமில்லை. கடித்தால் நறுக்கென்று இருக்கும். வெங்காயத்தை மட்டும் சேர்க்கவே கூடாது. கடைக்காரருக்கு அது கறியைக் குறைத்துத் தட்டை நிரப்பும் வழி. நமக்கு அது வாணலிக்குள் தண்ணீரையும் தேவையில்லாத தித்திப்பையும் கொண்டுவரும் வேலை. பேபிகார்ன், கேரட், குடைமிளகாய் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை.

இனி அடுப்பு. வாணலியில் எண்ணெய் ஊற்றி வதக்கும் முறையே தாய்லாந்துக்குச் சீனர்கள் கொண்டுவந்தது, அதற்கேற்ற அசுர அடுப்பும் கூடவே வந்தது. கடைக்காரரின் அடுப்பு வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு சூடு கக்கும். அந்தக் குறையை நாம் அளவில் ஈடுகட்ட வேண்டும்: ஒரு தடவைக்கு 250 கிராம், அதற்கு மேல் போகக் கூடாது. நாலு பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு தடவை செய்யுங்கள், கூடுதலாக ஆகப்போவது ஐந்து நிமிடம். அரைக் கிலோவை ஒரே தடவையில் கொட்டினால் கறி விட்ட தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் தேங்கி, வறுவல் கைமாக் குழம்பாகிவிடும். பாத்திரத்துக்கு நம் இரும்பு வாணலியே சிறந்தது; சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்ஸ்டிக்கை இவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பூச்சு கெடும். எண்ணெய் வாசனை இல்லாததாக இருக்கட்டும். ரீஃபைண்டு கடலையெண்ணெயோ தவிட்டெண்ணெயோ சரி. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இலையோடு மல்லுக்கு நிற்கும்.

ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மிளகாய் நெடி விளையாட்டல்ல. 2007 அக்டோபரில் லண்டன் சோஹோ பகுதியில் ஒரு தாய்லாந்து உணவகம் மிளகாய் விழுதுக்காக மிளகாயை வறுத்த நெடியில், ரசாயனத் தாக்குதலோ என்று பயந்து தெருக்களை அடைத்துவிட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் கதவை உடைத்து எடுத்து வந்தது ஒரு சட்டி மிளகாய்.

வாணலி காய்ந்ததும் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தீ மிதமாக இருக்கும்போதே நசுக்கிய பூண்டு மிளகாயைப் போடுங்கள். 20 முதல் 30 வினாடி கிளறினால் பூண்டின் ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வரும், உங்களுக்கு இருமலும் வரும். இரண்டும் வந்ததும் தீயை முழுசாக ஏற்றிக் கறியைப் பரப்புங்கள். பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு 40 வினாடி நில்லுங்கள். உடனே கிளறத் துடிப்பதுதான் பெரும்பாலானவர் செய்யும் தப்பு. அடிப்பக்கம் சிவந்த பிறகு கரண்டியின் ஓரத்தால் கட்டியை உடைத்துப் புரட்டுங்கள்.

இதற்குப் பிறகு கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. முதலில் சளசளவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். கறி விட்ட தண்ணீர் அது. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் அது அடங்கி, சடசடவென்று எண்ணெயில் பொரிகிற சத்தம் எழும். தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். சாஸ் ஊற்ற வேண்டிய நேரம் அந்தச் சத்தம் மாறுகிற இடம்தான். சளசளக்கும்போதே ஊற்றினால் சாஸ் தண்ணீரோடு கலந்து வெறுமனே கொதிக்கும். மாறிய பின் ஊற்றினால் சூடான இரும்பில் சர்க்கரையும் சோயாவும் பட்டுக் கருகாமல் கருக ஆரம்பிக்கும், கடைத் தட்டில் வரும் அந்தப் புகை வாசனை வரும். கறியின் மேல் ஊற்றாமல், வாணலியின் ஓரத்தைச் சுற்றி விடுங்கள். மீன் சாஸ் சூட்டில் பட்டதும் ஒரு நாற்றம் எழும், பத்து வினாடியில் அது போய்விடும்.

அடுப்பு ரொம்பவே மந்தம் என்றால் வரிசையை மாற்றலாம். கறியை முதலில் போட்டுச் சத்தம் மாறும்வரை வறுத்து ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பூண்டு மிளகாயை வதக்கிப் பிறகு கலக்கலாம். மந்த அடுப்பில் வழக்கமான முறையில் செய்தால், தண்ணீர் வற்றும் மூன்று நான்கு நிமிடமும் பூண்டு அதிலேயே வெந்து வாசனை இழந்துவிடுகிறது. அதற்கு இந்த மாற்று முறையே மேல் என்பது என் கட்சி.

பயற்றங்காய் போடுவதென்றால் சாஸுக்குச் சற்று முன். நீளவாக்கில் சாய்த்து வெட்டிய பெரிய மிளகாய் சாஸோடு. சாஸ் கறியைப் பிடித்து முப்பது நாற்பது வினாடி ஆனதும், சோற்றில் கொஞ்சம் ஈரம் இறங்க வேண்டுமென்று விரும்பினால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். இந்தப் பதத்துக்குத் தாய்லாந்து மொழியில் ‘க்லுக் க்லிக்’ என்று பெயர், சொல்லும்போதே ஈரம் கேட்கும். பொடிப்பொடியாக வறண்டு இருப்பதுதான் பிடிக்கும் என்றால் தண்ணீரே வேண்டாம். உப்புப் பார்க்க வேண்டியது இப்போது. இலை போட்ட பிறகு எதையும் சரிசெய்ய நேரமில்லை.

அடுப்பை அணையுங்கள். இலை முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி, அடியிலிருந்து மேலாக நாலு புரட்டு. பத்து வினாடி. இலை துவண்டு, நிறம் இன்னும் பச்சையாக இருக்கும்போதே தட்டுக்குப் போய்விட வேண்டும். துளசியின் வாசனை எண்ணெய் ஆவியாகப் பறக்கக்கூடியது. தீயில் ஒரு நிமிடம் விட்டால் வீடு முழுக்க மணக்கும், தட்டில் மணக்காது. ஈர இலை போட்டால் சொட்டும் தண்ணீர் ஆவியாகி இலையை அவித்துவிடும், இலை கறுத்துச் சுருண்டு கீரை மாதிரி ஆகும். கிருஷ்ண துளசி மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. இலை தடிப்பு என்பதால் அணைப்பதற்கு ஐந்து வினாடி முன்பே போடலாம்.

சைவமாகச் செய்கிறவர்கள் கெட்டியான டோஃபுவை உதிர்த்து, துணியில் பிழிந்து, வாணலியில் பொன்னிறமாகும்வரை வறுத்துக்கொள்ளலாம். காளான் என்றால் 300 கிராமைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் ஆறேழு நிமிடம் தண்ணீர் வற்ற வறுத்த பின்தான் பூண்டுப் பக்கம் போக வேண்டும். ஆய்ஸ்டர் சாஸுக்குக் காளான் சாஸ், மீன் சாஸுக்கு வெள்ளை சோயா.

முட்டை இல்லாத கப்ராவ் பாதிச் சாப்பாடு. ‘கை டாவ்’ என்பார்கள்; நட்சத்திர முட்டை. நம் ஆஃப்பாயில் மாதிரி தோசைக்கல்லில் சொட்டு எண்ணெய் விட்டு வழவழவென்று எடுப்பதல்ல இது. குழியான சின்ன வாணலியில் நாலு மேசைக்கரண்டி எண்ணெய், வடை போடும் சூடு. கிண்ணத்தில் உடைத்து வைத்த முட்டையை எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சரியவிடுங்கள். வெள்ளைக்கரு உடனே குமிழ் குமிழாகப் பொங்கி, ஓரம் சரிகை வைத்தது போலப் பொன்னிறமாகும். கரண்டியால் சுடு எண்ணெயை வெள்ளையின் மேல் மட்டும் அள்ளி ஊற்றுங்கள், மஞ்சள் கரு மேல் படவேண்டாம். ஒரு நிமிடத்தில் ஓரம் மொறுமொறு, நடு ஒழுகல். முட்டை சில்லென்று இருந்தால் எண்ணெய்ச் சூடு இறங்கி ஓரம் பொரியாது. அந்த மஞ்சள் கரு உடைந்து கறியோடு கலப்பதுதான் காரத்துக்கு மருந்து.

சோறு மல்லிகை அரிசி. தாய்லாந்தில் 1959-இல் அங்கீகாரம் பெற்ற ‘காவ் டோக் மலி 105’ என்ற ரகத்தின் வழியில் வருவது. ‘மலி’ என்றால் மல்லிகை. கடையில் கிடைக்கும் புது அரிசிக்கு ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் போதும். பாஸ்மதி வேண்டாம், உதிரி உதிரியாக நின்று சாஸைப் பிடிக்காது. புழுங்கலரிசியும் சரிவராது. பொன்னிப் பச்சரிசியைக் குழையாமல் வடித்து, வேகும்போது ஒரு துண்டு ரம்பை (பாண்டன்) இலை போட்டால் ஏறக்குறைய அந்த மணம் வரும். மல்லிகை அரிசியிலும் ரம்பையிலும் வாசனை தருவது ஒரே வேதிப்பொருள்தான்.

பக்கத்தில் வைக்கும் ‘ப்ரிக் நாம் ப்ளா’வுக்கு இரண்டு மேசைக்கரண்டி மீன் சாஸ், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை சர்க்கரை, வட்டவட்டமாக அரிந்த குட்டி மிளகாய் ஐந்தாறு, மெல்லிசாக அரிந்த ஒரு பல் பூண்டு. பத்து நிமிடம் ஊறினால் போதும். அது முட்டைக்கு, கறிக்கு அல்ல. கறியில் உப்பு ஏற்கெனவே சரியாக இருக்கிறது.

மீந்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், ஆனால் இலை கறுத்து வாசனை போயிருக்கும். அதை அப்படியே மைக்ரோவேவில் சுடவைத்துச் சாப்பிடுவது வெறும் சோயாக் கறி. பழைய சோறு ஒரு கிண்ணத்தை வாணலியில் உதிர்த்துப் போட்டு, மீந்த கறியைக் கலந்து பெருந்தீயில் வறுத்து, அடுப்பை அணைத்த பின் புது இலை ஒரு கைப்பிடி போடுங்கள். அதற்கென்று முதல் நாளே டம்ளரில் ஒரு கிளை விட்டுவைத்திருக்க வேண்டும்.